ஃபிளெக்ஸ் மானிட்டரில் நான் பார்த்த வேலை

சிலர் ஒரு பொருளை வாங்கிவிட்டு வருத்தப்படுவார்கள். நான் வாங்குவதற்கு முன்பே மொத்த வருத்தத்தையும் பட்டு முடித்துவிடுகிற ஆள். நான் செருப்புக் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போதும் ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு என்று நடந்து பார்த்துக்கொண்டிருப்பேன். (கடைசியில் வாசலில் கழற்றிப் போட்ட பழைய செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வேன்.) இப்படிப்பட்டவனிடம் போய், 'வளைந்த மானிட்டர் வாங்கலாமா, தட்டை மானிட்டர் போதுமா' என்று ஒரு கேள்வியைக் காலம் கொடுத்தது. அதில் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அப்போது மதுரை ஆனையூரில் நானும் அம்மாவும் இருந்தோம். சென்னையில் உள்ள ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சரக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. எந்த குடோனில் எத்தனை பெட்டி, எது கடைக்குப் போனது, எது நமத்துப்போய்த் திரும்பி வந்தது என்று எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கும். இடது ஓரத்தில் ஆரம்பித்தால் வலது ஓரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு டீ ஆறிவிடும். வேலை நல்ல வேலைதான். ஆனால் எங்கள் தெருவில் 'வீட்ல இருந்து வேலை பாக்குறான்' என்றால், 'வேலை இல்ல, பாவம், அவங்கம்மா கவுரவமாச் சொல்றாங்க' என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

தெரு எப்படிப் புரிந்துகொண்டால் என்ன என்று இருந்தேன். கீழக்குயில்குடிக்குப் பெண் பார்க்கப் போன பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

பெண் பெயர் கார்த்திகா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாழ்க்கையில் எதையும் சட்டென்று முடிவு செய்யாத நான், தட்டில் கேசரி தீர்வதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவே திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கார்த்திகாவும் சரி என்றுதான் சொன்னாள். இடித்தது அவளுடைய அப்பா தவமணி மட்டும்தான். நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர். வெயிலில் நிற்காமல் கிடைக்கிற காசு எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"பையன் நல்ல பையனாத்தான் தெரியிறாரு. ஆனா வேலைக்கே போகாம வேலை பாக்குறேங்கிறாரே, அதான் இடிக்குது. ஒரு நாள் வீடு பாக்க வாரேன், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி, கேசரி எல்லாம் கணக்கில் வராது. இலை போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டால் சரி என்று அர்த்தம். அம்மாவின் குறி முழுக்க அதில்தான் இருந்தது. எப்படியாவது தவமணி மாமாவை எங்கள் வீட்டில் கை நனைக்க வைத்துவிட வேண்டும்.

"இந்த மடக்குற பொட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எவன்டா நம்புவான்? படம் பாக்குறேன்னுல்ல நினைப்பாக. பேங்க்ல இருக்க மாதிரி பெருசா ஒண்ணு வாங்கி மேசையில வையி" என்று என் லேப்டாப்பைக் காட்டினார் அம்மா.

யோசனை சரிதான். வாங்கப் போனது நான், அதுதான் தப்பு.

பெரிய மானிட்டர் என்று தேட ஆரம்பித்ததும், வளைந்தது ஒன்று இருப்பது தெரிந்தது. உடனே வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். ஒருவர் வளைந்த மானிட்டர் கண்ணுக்கு இதம் என்றார். அடுத்தவர் அது ஏமாற்று, அகலம் கூடக் கூடக் கழுத்துதான் வலிக்கும் என்றார். மூன்றாவது ஆள் அரை மணி நேரம் பேசிவிட்டு, 'அது உங்கள் தேவையைப் பொறுத்தது' என்று முடித்துவிட்டார். (அவரை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இன்னும் இருக்கிறேன்.) வளைவிலேயே பல ரகமாம். ஆயிரம் என்றால் நன்றாக வளைந்தது, ஆயிரத்து எண்ணூறு என்றால் கொஞ்சமாக வளைந்தது. நம்பர் கூடினால் வளைவு குறையும் என்ற அந்த ஒரு விஷயத்தை அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கும் போனேன். திரும்பத் திரும்பப் போனேன். கடைக்காரர் கடைசியில், "அண்ணே, நீங்க வந்து உக்காந்தாலே மத்த கஸ்டமரும் யோசிக்க ஆரம்பிச்சிடுறாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தரவா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மதுரைக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. மானிட்டர் அளவுக்கு ஃபிளெக்ஸ் அடித்துப் பார்த்தால் என்ன?

எங்கள் ஊரில் காது குத்தினால் ஃபிளெக்ஸ், வீடு கட்டினால் ஃபிளெக்ஸ், செத்தால் ஃபிளெக்ஸ். வெளியூர் போய்த் திரும்பி வந்தால்கூட ஒரு ஃபிளெக்ஸ். அப்படியிருக்க எக்செல் ஷீட்டுக்கு மட்டும் என்ன குறைச்சல்? என் ஷீட்டை அப்படியே போட்டோ எடுத்து, நிஜ அளவில் ரெண்டு அடிப்பது. ஒன்றைத் தட்டையாகக் கட்டையில் அடித்து, இன்னொன்றை மூங்கில் சிம்பு வைத்து வளைத்து, மேசையில் மாற்றி மாற்றி வைத்து உட்கார்ந்து பார்ப்பது. கழுத்து எதில் வலிக்கிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்கு என் அறிவை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சிம்மக்கல்லில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டி என்னோடு படித்தவன். பென்டிரைவைக் கொடுத்ததும் திரையில் போட்டுப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு சின்னதாக்கிப் பார்த்தான்.

"இதுல மூஞ்சி எங்க மாப்ள?"

"மூஞ்சி இல்லடா. இது கணக்கு."

"மூஞ்சி இல்லாம நான் ஃபிளெக்ஸ் அடிச்சதே இல்ல. கடைக்கு ஆகாது. ஒரு சாமி படமாவது போட்டுக்கிறேன்."

"பிஸ்கட் கணக்குல எதுக்குடா சாமி?"

"அப்ப உன் மூஞ்சியப் போடுறேன். ஓரத்துல, சின்னதா."

மூஞ்சி இல்லாத முதல் ஃபிளெக்ஸை நானே தொடங்கி வைத்து அவன் தொழிலைக் கெடுப்பானேன் என்று சரி சொல்லிவிட்டேன். அவனிடம் ஏற்கெனவே என் படம் ஒன்று இருந்தது. சித்தப்பா பேத்தியின் காதணி விழாவுக்காகக் கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி எடுத்தது. அதை வெட்டி வலது மூலையில் வைத்தான். அவனைப் பொறுத்தவரை அது சின்னது. என் உள்ளங்கை அளவு இருந்தது.

வளைந்த ஃபிளெக்ஸை மேசையில் நிறுத்தி வைத்து முதல் தடவை உட்கார்ந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, கம்பீரமாகத்தான் இருந்தது. லேப்டாப்பில் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஃபிளெக்ஸ் முன்னால் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

"ஏண்டா, அதுல வெளிச்சமே வரலையே."

"வெளிச்சம் முக்கியம் இல்லம்மா. வளைவுதான் முக்கியம்."

அம்மா வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

தவமணி மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தது வியாழக்கிழமை. வேலை நாளில் சொல்லாமல் வந்து பார்த்தால்தானே உண்மை தெரியும். நல்ல காரியத்துக்கு ஒற்றை ஆளாகப் போகக் கூடாது என்பார்கள். இது நல்ல காரியம் இல்லை, சோதனை என்பதால் தனியாகவே வந்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் ஏரியாவில் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். லேப்டாப்பில் இருந்த சார்ஜும் தீர்ந்து செத்துக் கிடந்தது. அம்மா மார்க்கெட் போயிருந்தார். வேலைதான் நின்றுபோச்சு, ஆராய்ச்சியாவது நடக்கட்டும் என்று நான் ஃபிளெக்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் போதாது, மீட்டிங்கில் பேசும்போது கழுத்து எப்படித் திரும்பும் என்று பார்க்க வேண்டாமா? ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். கையில் மவுஸ். ஷீட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, "ஓகே மேடம். அனுப்பிட்டேன் மேடம். விருதுநகர் குடோன் முடிஞ்சிருச்சு மேடம்" என்று பேசிக்கொண்டே போனேன். வலது ஓரத்தில் கதவு இருந்தது. கதவில் தவமணி மாமா நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேலே நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து ஒரு விரலால் என் மானிட்டரைத் தொட்டார். அது ஆடியது. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே மூங்கில் சிம்பும் சணலும் தெரிந்தன.

"தம்பி, இது துணியா?"

"ஃபிளெக்ஸ் மாமா."

"ம்." குனிந்து வலது மூலையைப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தான் மாமா."

"கம்ப்யூட்டருக்குள்ள நின்னு ஏன் தம்பி கும்புடுறீங்க?"

நிஜ மானிட்டர் வாங்கலாமா என்று முடிவு செய்வதற்காக இதை வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. "இப்ப யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். யாரிடமும் இல்லை, கழுத்துக்காக என்றேன். லேப்டாப்பைத் திறந்து காட்டலாம் என்றால் கறுப்பாக இருந்தது. போனில் கம்பெனி மெயிலைக் காட்டினேன். "போன்ல எதத்தான் காமிக்க முடியாது" என்றார். அலமாரியிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் அந்த ஃபிளெக்ஸ் கடையில அடிச்சதா?" என்றார்.

இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உண்மை பேசுகிறேன் பேர்வழி என்று, "போட்டோ மட்டும் அங்க எடுத்தது மாமா" என்றேன்.

அந்த நேரத்தில் அம்மா கீரைக்கட்டோடு உள்ளே வந்தார். சம்பந்தி ஆகப்போகிறவரைப் பார்த்ததும் பதறிப்போய், "வாங்கண்ணே, உக்காருங்க, இந்தா சாப்பாடு ரெடி பண்ணிடுறேன். ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றார்.

"தண்ணிக்கு என்னம்மா அவசரம். வாரேன்" என்று சொல்லிவிட்டு மாமா இறங்கிப் போய்விட்டார்.

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். சாயங்காலமே தரகர் போன் போட்டு, பெண் வீட்டில் யோசிக்கிறார்களாம் என்றார். எங்கள் பக்கம் 'யோசிக்கிறோம்' என்றால் 'வேண்டாம்' என்று பொருள். அம்மா கோபத்தில் வளைந்த ஃபிளெக்ஸை எடுத்துத் துணி ஊறவைக்கும் தொட்டிக்கு மூடி போட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனுஷன் வாழ்க்கையில் யோசிக்காமல் எடுத்த ஒரே முடிவு. அதுவும் போச்சு.

நடந்ததைப் பாண்டியிடம் சொன்னேன். அடையாள அட்டையையும் காட்டினேன், அதை வாங்கிப் போனில் படம் எடுத்துக்கொண்டான். அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரே ஒரு மருந்துதான் உண்டு.

"கவலைய விடு மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு போன் வந்தது. புது நம்பர்.

"நான் கார்த்திகா பேசுறேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க ஊரு மலையடிவாரத்துல ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கு. நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"படிக்கிறேன், கேளுங்க. 'கீழக்குயில்குடி பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வதந்திகளை நம்பாதீர். ஆனையூர் அண்ணன் செந்தில் அவர்கள் வீட்டில் இருந்தபடியே உண்மையாக வேலை பார்க்கிறார்.' கீழ உங்க ஐடி கார்டு, கதவு சைஸுக்கு. அதுக்குக் கீழ உங்க பிரெண்ட்ஸ் எல்லாரும் வரிசையா போன் பேசிக்கிட்டு நிக்கிறாங்க."

அதுவரை அந்த ஊரில் என்னைப் பற்றி ஒரு வதந்தியும் கிடையாது. பாண்டி மறுப்புப் போட்ட பிறகுதான் 'என்ன வதந்தி' என்று ஊரே விசாரிக்க ஆரம்பித்தது. சமணர் மலைக்கு வாக்கிங் வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்களாம். அவளுடைய அப்பா அந்தப் பக்கமே போகாமல் வயலுக்குச் சுற்று வழியாகப் போகிறாராம்.

"நீங்க நாடகம் போடுறீங்கன்னு அப்பா சொன்னத நான் நம்பல. நாடகம் போடுறவங்க இம்புட்டுக் கேவலமாப் போட மாட்டாங்க" என்றாள். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு மானிட்டர் வாங்க இம்புட்டு யோசிக்கிறீங்க. என்னைப் பாத்ததும் உடனே சரின்னு சொன்னீங்களாமே, அது எப்படி?" என்று கேட்டாள்.

"அதுல யோசிக்க ஒண்ணும் இல்லைங்க" என்றேன். என் வாழ்க்கையில் உருப்படியாக நான் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

அப்புறம், "முதல்ல வந்து அந்த ஃபிளெக்ஸ அவுருங்க. வரும்போது உங்க லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க. நல்லா சார்ஜ் போட்டு" என்றாள்.

என் மூஞ்சியை நானே ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறி அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கீழே தவமணி மாமா வந்து நின்றார். மகள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் இறங்கியதும், "இன்னைக்கு வேலை உண்டா?" என்றார். உண்டு என்றேன். "அப்ப வீட்ல வந்து பாருங்க. நானும் பாக்குறேன்" என்றார்.

கூடத்தில் ஒரு மேசை போட்டார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாற்று நடுகிற ஆட்களை வரப்பில் நின்று பார்ப்பாரே, அதே பார்வை. நான் கட்டம் கட்டமாக நம்பர் தட்டத் தட்ட அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மணி நேரம் போனது. "இதான் வேலையா?" என்றார். ஆமா என்றேன். "கடைசிவரைக்கும் இதானா?" என்றார். அதற்கும் ஆமா என்றேன். எழுந்துவிடப் பார்த்தார்.

அந்த நேரத்தில் எங்கள் மேனேஜர் மேடம் கூப்பிட்டார்.

"அந்தக் காது மிசினக் கழட்டுங்க. என்னன்னு நானும் கேக்குறேன்" என்றார் மாமா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன செந்தில், விருதுநகர் ஷீட் எங்க? வியாழக்கிழமையிலிருந்து கேட்டுட்டு இருக்கேன்" என்று மேடம் ஆரம்பித்தார். ஆராய்ச்சியில் அந்த ஷீட்டை அனுப்பவே மறந்திருந்தேன். "கரண்ட் இல்லன்னு ஒரு நாள் கதை. இன்னைக்கு என்ன கதை? போன மாசமும் பெட்டிக் கணக்குல தப்பு. மாசாமாசம் சம்பளம் மட்டும் கரெக்டா வேணும், இல்ல? வீட்டுல உக்கார வச்சு சம்பளம் குடுக்குறோமே, எங்களைச் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள ஷீட் வரல, நீங்க சென்னைக்கு வந்துருங்க, சொல்லிட்டேன்."

அவர் வைத்த பிறகும் கூடத்தில் அந்தச் சத்தம் இருந்தது. கார்த்திகா உள் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

மாமா நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். அவர் முகம் முதல் தடவையாக இளகியிருந்தது.

"அந்தம்மாதான் சம்பளம் குடுக்குறவகளா?"

"அவங்க மூலமாத்தான் மாமா."

"அதான பாத்தேன். காசு குடுக்காத எவனும் இம்புட்டுத் திட்டு திட்ட மாட்டான்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, மாப்பிள்ளைக்கு இலையப் போடு. அவங்க அம்மாவையும் ஒரு ஆட்டோ பிடிச்சு வரச் சொல்லு. நாளைக்கே நாமளும் அங்க போயிக் கை நனைச்சிருவோம்."

அதுவரை தம்பி. அந்த நிமிஷத்திலிருந்து மாப்பிள்ளை. சோற்றைப் பிசையும்போது என் கண் லேப்டாப் பக்கமே போனதை அவர் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்த்திருக்கிறார். "மெதுவாச் சாப்புடுங்க, ஷீட்ட அப்புறம் அனுப்பலாம்" என்றார்.

மானிட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாமாவே என்னை டவுன்ஹால் ரோட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். (கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சேரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.) வளைந்ததையும் தட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் வழக்கம்போல் அரை மணி நேரம் விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வளைஞ்சத வாங்குனா அந்தம்மா திட்டுறது குறையுமா?"

"குறையாது மாமா."

"அப்ப தட்டையவே கட்டுங்க தம்பி" என்றார் கடைக்காரரிடம்.

இத்தனை வீடியோ பார்த்தேனே, ஒருத்தராவது இந்தக் கணக்கைச் சொன்னாரா? அந்தத் தட்டை மானிட்டரில்தான் இன்றுவரை பிஸ்கட் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறேன். கழுத்து வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அன்றிலிருந்து ஒரு புதுத் தொல்லை. மாமா போன் போட்டால் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதில்லை. "இன்னைக்குத் திட்டு வாங்கியாச்சா மாப்பிள்ளை?" என்றுதான் கேட்பார். வாங்கியாச்சு என்றால் நிம்மதியாக வைத்துவிடுவார். போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. மேடமும் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் யாரும் திட்டுவதில்லை மாமா என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கி, மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா? எங்கிட்ட மறைக்காம சொல்லு" என்று கேட்டிருக்கிறார்.

அவரை நம்பவைக்க நான் காட்டிய எதுவும் எடுபடவில்லை. கடைசியில் கார்த்திகாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். இப்போது அவர் போன் போட்டால் அவளே எடுத்து, "இருங்கப்பா, அவரு வேலையில இருக்காரு" என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பிடித்து ஐந்து நிமிஷம் திட்டுகிறாள். மேடம் மாதிரி குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறாள், அவ்வளவுதான். திட்டுகிற விஷயமெல்லாம் நிஜம். கணக்கு டீச்சர் என்பதால் ஒன்றுகூட விட்டுப்போவதில்லை. அது முடிந்ததும் போனிலிருந்து மாமாவின் குரல் குளிர்ந்துபோய் வரும்.

"நல்லா இருங்க மாப்பிள்ளை."